செட்டாப் பாக்ஸ் வந்த பிறகும் எச்.டி. டிவியில் படம் மங்கலாகத் தெரிவது ஏன்?

அனலாக் கேபிள் போய் செட்டாப் பாக்ஸ் வந்துவிட்டது, 43 அங்குல எச்.டி. டிவியும் வாங்கியாகிவிட்டது, ஆனாலும் பழைய படக்குழாய் டிவியில் பார்த்த அளவுக்குக்கூடப் படம் திருத்தமாக இல்லையே, டிஜிட்டல் என்றாலே எச்.டி. இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டிஜிட்டல் என்பது படத்தை எண்களாக மாற்றி அனுப்பும் முறை, எச்.டி. என்பது அனுப்பப்படும் படத்தின் நுணுக்கம். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நம் வீடுகளுக்கு வந்ததாலும், விளம்பரங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதாலும் ஒன்றென்று தோன்றுகின்றன. டிஜிட்டல் முறை நமக்கு உண்மையில் தந்தது கேபிளில் கூடுதல் இடம்தான். அந்த இடத்தைத் தெளிவுக்கும் செலவிடலாம், அலைவரிசைகளின் எண்ணிக்கைக்கும் செலவிடலாம். நம் ஊர்க் கேபிளில் அது பெரும்பாலும் எண்ணிக்கைக்கே செலவானது. அனலாக் காலத்தின் கடைசி ஆண்டுகளிலும் மாற்றம் நடந்த காலத்திலும் ஒரு கேபிள் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டிஜிட்டல் இல்லாமலே எச்.டி. இருந்திருக்கிறது என்பதற்கு ஜப்பானே சான்று. அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பிறகு இந்த ஆய்வைத் தொடங்கி, படத்தை 1,125 கிடைமட்ட வரிகளாகப் பிரித்து அனுப்பும் ‘ஹை-விஷன்’ முறையை உருவாக்கியது. 1990களில் ஜப்பானிய வீடுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே வந்த ஹை-விஷன், அனலாக் அலையாகவே வந்தது. படம் அபாரமாக இருந்தது. ஆனால் அது பிடித்துக்கொண்ட இடம் மிகப் பெரியது, அதற்கான டிவியின் விலையும் அப்படியே. தரைவழி ஒளிபரப்புக்கு அது ஒத்துவராது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது.

அமெரிக்காவிலோ ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கப்பட்டது 6 மெகாஹெர்ட்ஸ் அகல அலைக்கற்றை மட்டுமே. எச்.டி. படத்தை அதற்குள் எப்படி அடைப்பது என்று 1980களின் இறுதியில் பல குழுக்கள் அனலாக் வழிகளையே தேடிக்கொண்டிருந்தபோது, 1990இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற நிறுவனம் முழுக்க முழுக்க டிஜிட்டலான ஒரு முறையை முன்வைத்தது. அதன் பிறகு அனலாக் எச்.டி. முயற்சிகள் பின்தங்கிவிட்டன. போட்டியிட்ட குழுக்கள் 1993இல் ஒன்று சேர்ந்தன. 1996இல் தரநிலை ஏற்கப்பட்டது. 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. அந்த நாளுக்காக அமெரிக்க அரசு வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்களைக் கொடுத்தது. அதைக்கொண்டு வாங்கிய மாற்றிப் பெட்டி, டிஜிட்டல் அலையைப் பழைய டிவிக்கு ஏற்ற சாதாரணப் படமாக மாற்றித் தந்தது. எச்.டி.க்காகத் தொடங்கிய முயற்சி, எச்.டி. டிவியே இல்லாத வீடுகளையும் டிஜிட்டலுக்கு இழுத்துச் சென்றது. காலியான அலைக்கற்றையின் ஒரு பகுதியைக் கைப்பேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்டதில் அரசுக்கு 1,900 கோடி டாலர் அளவுக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அவசரத்தின் காரணம் படத்தின் அழகு மட்டுமல்ல என்பது விளங்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது ஏற்கப்பட்ட ஐரோப்பிய முறையில், ஒரு படத்துக்கு 625 வரிகள். அவற்றுள் கண்ணுக்குத் தெரியும் படத்தைச் சுமப்பவை 576. நொடிக்கு 25 படங்கள் என்றாலும், ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள் முதலிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்துமாக இரு பாதிகளாக அனுப்பப்படும். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமே மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகப் பயணம் செய்வதால், வழியில் சேரும் எந்த இரைச்சலும் படத்தோடு கலந்துவிடும். சேர்ந்ததைப் பிரித்தெடுக்க வழியில்லை. கேபிளில் சில நூறு அடிகளுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் வைத்தே ஆக வேண்டும். ஒவ்வோர் ஆம்ப்ளிஃபையரும் படத்தைப் பெருக்கும்போது அதுவரை சேர்ந்த இரைச்சலையும் பெருக்கி, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் அனுப்பும். அதனால்தான் கண்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்துத் தெருவில் பளிச்சென்று தெரிந்த படம், லைனின் கடைசி வீட்டில் புள்ளி புள்ளியாக வந்தது. அந்தக் கடைசி வீட்டுக்காரரிடம் இருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வதே எங்கள் மாலைப் பொழுதாக இருந்தது.

டிஜிட்டல் முறையில் அனுப்பப்படுவது எண்கள். சாதாரணத் தரப் படம், அதாவது எஸ்.டி., நம் முறையில் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. அதைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 270 மெகாபிட் ஆகும். எந்தக் கேபிளும் அதைப் பல அலைவரிசைகளுக்குத் தாங்காது. ஆகவே எம்பெக் எனப்படும் சுருக்கமுறை நடுவே வருகிறது. அது படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கைவிட்டு, முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் பெரும்பாலும் அனுப்புகிறது. செய்தி வாசிப்பவர் அசையாமல் அமர்ந்திருந்தால் மாற்றம் குறைவு, தேவைப்படும் இடமும் குறைவு. கிரிக்கெட் மைதானத்தின் கூட்டமோ, பாடல் காட்சியில் பறக்கும் வண்ணத் தாள்களோ, பொங்கி வரும் அலையோ என்றால் திரை முழுவதும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. அப்போது போதிய இடம் கொடுக்கப்படவில்லை என்றால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். நீங்கள் காணும் மங்கலில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

அனலாகில் ஓர் அலைவரிசைக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் தேவைப்பட்டது. ஒரு நல்ல கேபிளில் மொத்தம் ஏறக்குறைய நூறு அலைவரிசைகள் ஓடின. அதே 8 மெகாஹெர்ட்ஸில் டிஜிட்டல் கேபிள் வழக்கமான அமைப்பில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் அனுப்பும். பழைய எம்பெக்-2 முறையில் ஓர் எஸ்.டி. அலைவரிசைக்கு 4 மெகாபிட் கொடுத்தால் அதில் ஒன்பது அலைவரிசைகள் நிம்மதியாக இருக்கும். 2 மெகாபிட் கொடுத்தால் பத்தொன்பதை அடைத்துவிடலாம். படம் தேய்ந்துதான் வரும், ஆனால் ‘எத்தனை சேனல் தருகிறீர்கள்’ என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் சொல்வதற்குப் பெரிய எண் கிடைக்கும். எந்தத் தரத்தில் அனுப்பப்படுகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, பில்லில் அது அச்சிடப்படுவதும் இல்லை. எம்பெக்-4 என்ற புதிய சுருக்கமுறை, அதே தரத்தை ஏறத்தாழப் பாதி இடத்தில் தருகிறது. அந்த லாபமும் பல இடங்களில் கூடுதல் அலைவரிசைகளுக்கே போனது என்பது என் கருத்து.

இந்தியாவில் இந்த மாற்றத்தைச் சட்டமாக்கத் தூண்டியதும் படத்தின் தரம் அல்ல, கணக்கு. அனலாக் கேபிளில் ஒரு கம்பி எத்தனை வீடுகளுக்குப் பிரிகிறது என்பது அந்தக் கேபிள்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் ஒளிபரப்பாளர்களுக்கும் அரசுக்கும் காட்டிய எண்ணிக்கைக்கும் உண்மைக்கும் இடையே இருந்த தூரத்தால் கட்டண அலைவரிசைகளுக்கும் அரசின் வரிக்கும் இழப்பு. இடப் பற்றாக்குறை இன்னொரு தொல்லை. பழைய டிவிகள் சில அதிர்வெண் பட்டைகளைச் சரியாகப் பிடிக்காது என்பதால், எல்லா டிவியிலும் தெரியும் பட்டையில் இடம் பிடிக்க ஒளிபரப்பாளர்களே கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எண்ணத்தக்க, பூட்டத்தக்க ஒரு பெட்டி இருந்தால் கணக்கு சரியாகும் என்பதே சட்டத்தின் நோக்கம். சென்னைக்கு இது புதிதல்ல. 2003 செப்டம்பரிலேயே கட்டண அலைவரிசைகளுக்குப் பெட்டி கட்டாயம் என்ற முறை இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. இலவச அலைவரிசைகள் மட்டும் அனலாகிலேயே தொடர்ந்தன. கேபிள் முழுவதையும் டிஜிட்டலாக்கும் சட்டத் திருத்தம் 2011இல் வந்தது. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடுவாக வைக்கப்பட்டாலும் சென்னையில் வழக்குகளால் அது இழுபட்டது. ஊரகப் பகுதிகளுக்கான கெடு தள்ளித் தள்ளிப்போய் 2017 மார்ச் 31இல் நின்றது. 2011 முதல் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்துவந்த தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமமே 2017இல்தான் கிடைத்தது. அதன் பிறகே அது பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது.

அந்தப் பெட்டிகள் போய்ச் சேர்ந்த வீடுகளில் இருந்தவை எப்படிப்பட்ட டிவிகள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2006க்குப் பிறகு அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும், சொந்தமாக வாங்கிய 21 அங்குலப் படக்குழாய் டிவிகளுமே பெரும்பாலும் இருந்தன. பெட்டியின் பின்புறத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்கள்தான் இணைப்பு. மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் வண்ணமும் ஒன்றாகக் கலந்து அனலாகாகவே போகும். கேபிள் முழுக்க டிஜிட்டலாக வந்த படம் கடைசி மூன்றடியில் மீண்டும் அனலாகானது. ஆனாலும் சிறிய திரையில், அதுவும் வரிவரியாகத் தீட்டும் படக்குழாயில், அது குறையாகத் தெரியவில்லை. புள்ளிகள் மறைந்ததே பெரிய முன்னேற்றமாக இருந்தது.

குறை தெரியத் தொடங்கியது பெரிய தட்டைத் திரை வந்த பிறகு. முழு எச்.டி. திரையில் 1,920க்கு 1,080 புள்ளிகள், அதாவது சுமார் 20.7 லட்சம். எஸ்.டி. படத்தில் சுமார் 4.15 லட்சம், சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்குப் புள்ளிகளை உங்கள் டிவி அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. இரு பாதிகளாக வரும் வரிகளையும் அதுவே ஒட்ட வேண்டும். ஓடும் பந்தின் விளிம்பில் சீப்புப் பற்கள் போலத் தெரிவது அந்த ஒட்டு சரியாக அமையாததால். சுருக்கத்தில் விழுந்த கட்டங்களும் இந்தத் திரையில் ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டப்படுகின்றன. பழைய டிவியில் பார்த்ததைவிட மோசமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வது பிரமை அல்ல.

எச்.டி. அலைவரிசைக்குத் தனியாகக் கட்டணம் ஏன் என்ற உங்கள் உபகேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எம்பெக்-4இல் அனுப்பினாலும் ஓர் எச்.டி. அலைவரிசைக்கு 6 முதல் 8 மெகாபிட் வேண்டும். அதே இடத்தில் மூன்று நான்கு எஸ்.டி. அலைவரிசைகளை ஓட்டலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து 2019இல் நடைமுறைக்கு வந்த கட்டண விதிகளில் 130 ரூபாய்க்கு நூறு எஸ்.டி. அலைவரிசைகள் என்ற கணக்கில், ஓர் எச்.டி. அலைவரிசை இரண்டு எஸ்.டி.க்குச் சமம் என்று வைத்தது இதைக் கருதித்தான்.

எச்.டி. என்ற பெயரில் வருவதெல்லாம் எச்.டி. ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்த பழைய திரைப்படங்களில் எச்.டி.யைத் தாண்டிய நுணுக்கமே பதிந்திருக்கிறது. சுருள் கெடாமல் இருந்து, அதைப் புதிதாக ஸ்கேன் செய்தால் படம் அன்று திரையரங்கில் கண்டதுபோல் வரும். ஆனால் 1990களில் வீடியோ டேப்பில் எடுத்த தொடர்களில் இருப்பதே 576 வரிகள்தான். அவற்றை எந்த எச்.டி. அலைவரிசையில் போட்டாலும் பெரிதாக்கிய எஸ்.டி.யாகவே இருக்கும். அதோடு, 4:3 அளவில் எடுத்ததை 16:9 திரைக்கு இழுத்துக் காட்டும் பழக்கம் வேறு. கதாநாயகிகள் எல்லோரும் திடீரென்று பருத்துவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் முதலில் பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். எச்.டி. பெட்டியையும் எச்.டி. பேக்கையும் வாங்கிவிட்டு, பழைய மூவண்ண ஒயரையே செருகி வைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், எச்.டி. படம் போக எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். பெட்டியின் செட்டிங்கில் வெளியீடு 576இல் நிற்கிறதா, 1080இல் நிற்கிறதா என்று பாருங்கள். டிவியின் பட அளவு ‘ஸ்ட்ரெச்’ அல்லது ‘ஜூம்’ என்பதில் இருந்தால் மாற்றுங்கள். உங்களிடம் இருப்பது எஸ்.டி. பெட்டி என்றால் இவற்றால் எச்.டி. படம் வந்துவிடாது, பெட்டியையே மாற்ற வேண்டும்.

படம் எப்போதும் மங்கலாக இல்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து, கட்டங்களாக உடைந்து, சத்தமும் விட்டுவிட்டு வந்தால் அது வேறு நோய். டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒவ்வொரு 188 பைட்டுக்கும் 16 பைட் திருத்தக் குறிப்பாகச் சேர்த்து அனுப்பப்படுகிறது. அதைக்கொண்டு 8 பைட் வரையிலான பிழையைப் பெட்டி தானே சரிசெய்துகொள்ளும். பிழை அந்த எல்லைக்குள் இருக்கும்வரை லைனின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரே படம். எல்லையைத் தாண்டியதும் அனலாக் போலப் படிப்படியாக மங்காமல் ஒரேயடியாக அறுந்துவிடும். காரணம் பெரும்பாலும் துருப்பிடித்த கனெக்டர், தண்ணீர் இறங்கிய ஒயர், அல்லது வீட்டுக்குள் இரண்டாவது டிவிக்காகப் போட்ட மலிவான ஸ்பிளிட்டர். பெட்டியின் மெனுவில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என இரண்டு அளவுகள் இருக்கும். வலிமை நிறைய இருந்து தரம் குறைந்தால், கேபிள்காரர் ஆம்ப்ளிஃபையரைக் கூட்டி வைப்பதால் பயனில்லை; உங்கள் வீட்டுக்கு வரும் ஒயரையும் கனெக்டரையும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.