ரீஃப்ளோ செய்த போர்டைச் சொல்லாமல் விற்றது குற்றமா?

கேள்வி: பழைய திங்க்பேட் லேப்டாப்களைப் பிரித்து மாற்றிக் கட்டுவது என் பொழுதுபோக்கு. டி60 மாடலின் 15 அங்குலக் கூட்டுக்குள் டி61 மாடலின் மதர்போர்டை வைத்து, நல்ல ஐபிஎஸ் திரையோடு (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் வகை) ஒன்று செய்தேன். பேட்டரியைப் பிரித்துப் புது செல் போட்டேன். மூடியில் இருந்த சின்னம் தேய்ந்து போயிருந்ததால் புதிதாக அச்சடித்த ஐபிஎம் சின்னம் ஒட்டினேன். என்னைப் போலவே ஆர்வமுள்ள ஒருவர் வாங்கிக்கொண்டார். "உள்ளது உள்ளபடி, திரும்ப எடுக்க மாட்டேன்" என்று எழுதித்தான் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் திரை கறுத்துவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். அந்த போர்டு என்விடியா கிராஃபிக்ஸ் உள்ளது. வாங்கும் முன் அவர் "ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) எப்படி?" என்று கேட்டார். "அதெல்லாம் பார்த்தாச்சு" என்றேன். என் கைக்கு வந்தபோது ஒருமுறை படம் வராமல் இருந்ததும், நான் ரீஃப்ளோ செய்ததும் (சிப்பைச் சூடாக்கி அதன் பற்றவைப்பை மறுபடி உருக்குவது) அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நன்றாகத்தான் ஓடியது. பணத்தைத் திருப்ப வேண்டுமா? இன்னும் நாலு பேர் இதேபோல் செய்து தரச் சொல்கிறார்கள். ஒருவர் டி60 போர்டோடு கோர்பூட் (லேப்டாப்பைத் தொடக்கும் அடிப்படை நிரலான பயோஸுக்குப் பதிலாகப் போடும் திறந்த மூல மென்பொருள்) போட்டுக் கேட்கிறார். செய்து விற்கலாமா?

பதில்: விற்கலாம். உங்களுக்குச் சொந்தமான பொருளைப் பிரித்து, மாற்றி, விற்பதற்குப் பொதுவாக எந்தச் சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. இருபது வருஷப் பழைய இயந்திரத்தை இன்னொருவர் தினமும் உபயோகிக்கும்படி ஆக்குவது நல்ல காரியம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் முதலில் வாங்கியவரின் கணக்கை முடித்துவிட்டு அந்த நாலு பேரிடம் போவோம்.

நீங்களும் அவரும் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் சரக்கு விற்பனைச் சட்டங்கள் எல்லாம் ஆங்கிலேயச் சட்டத்தின் வழிவந்தவை. அதனால் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். வேறு நாடென்றால் அங்குள்ள வழக்கறிஞரிடம் இந்தப் பதிலைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டங்களில் விற்பவர் மேல் விழும் பொறுப்புகள் இரண்டு விதம். பொருள் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், நீங்கள் வருணித்தபடி இருக்க வேண்டும் என்பவை யார் விற்றாலும் பொருந்தும். 'விற்கத்தக்க தரம்' என்பது அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவருக்கு மட்டும்தான். பொழுதுபோக்காகச் செய்து ஒன்றை விற்றவரிடம் அந்தத் தரத்தைச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. வாங்குபவர்தான் விழிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்த அளவில் உங்கள் பக்கம் பலமானது. "உள்ளது உள்ளபடி" என்ற வரியும் இதற்குத் துணை நிற்கும்.

ஆனால் அந்த வரி பொய்யைக் காப்பாற்றாது. அரை உண்மையையும் காப்பாற்றாது. உங்கள் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் குதிரை விற்பவரை வைத்துச் சில உதாரணங்கள் உண்டு. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில் எழுதப்பட்டது. ஒருவர் தன் குதிரைக்கு நோய் இருப்பது தெரிந்தே ஏலத்தில் விற்கிறார், எதுவும் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது, சும்மா இருப்பது குற்றமில்லை. இன்னொரு உதாரணத்தில் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார். அப்போதும் விற்பவர் வாயைத் திறக்கவில்லை என்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

நீங்கள் மௌனமாகக்கூட இல்லை. அவர் குறிப்பாக ஜிபியு பற்றிக் கேட்டார். கேட்டவரும் விவரம் தெரிந்தவர். அந்தக் காலத்து என்விடியா சிப்களின் கதை உங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 2008 ஜூலையில் அந்த நிறுவனமே பழுதான லேப்டாப் சிப்களுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டி61-இல் வந்த குவாட்ரோ என்விஎஸ் 140எம் அந்தக் கதையில் அடிபட்ட சிப். அதை மனதில் வைத்துத்தான் அவர் கேட்டிருக்கிறார். "பார்த்தாச்சு" என்ற பதிலை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? குறை இல்லை, அல்லது சரியாகத் தீர்க்கப்பட்டுவிட்டது என்றுதான். சூடுகாட்டிச் செய்யும் ரீஃப்ளோ பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்கே தாங்கும் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டார், அல்லது விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார். இந்த இரண்டில் ஒன்று நிரூபணமானாலே வழக்கு உங்களுக்கு எதிராகச் சாய்ந்துவிடும்.

உங்களுக்காக வாதாடினால் நான் எதைப் பிடிப்பேன் என்றும் சொல்கிறேன். சாதாரண முயற்சியில் உண்மையைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவர், பிறகு வந்து ஒப்பந்தத்தை ரத்துசெய்யச் சொல்ல முடியாது என்று அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. என்விடியா போர்டு என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது, அந்த அளவுக்கு இந்த வாதம் எடுபடும். ஆனால் ரீஃப்ளோ நடந்ததை வெப்பத்தகட்டைக் கழற்றிப் பார்த்தாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அது உங்கள் தலைக்குள் மட்டுமே இருந்த தகவல். அதனால் இந்த வாதத்தை நம்பி நீதிமன்றத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

என் யோசனை இதுதான். வக்கீல் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே அவருக்கு எழுதுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு இரண்டு வழி கொடுங்கள்: இயந்திரத்தை வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் தருவது, அல்லது இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள டி61 போர்டை உங்கள் செலவில் மாற்றித் தருவது. இரண்டாவதை அவர் விரும்பக்கூடும், அவருக்குத் தேவை அந்தத் திரையும் விசைப்பலகையும்தானே. ஒப்பந்தம் ரத்தானால் இரு பக்கமும் வாங்கியதைத் திருப்ப வேண்டும். ஆகவே உதிரி எதையும் கழற்றாமல் அப்படியே வைத்திருக்கும்படி இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தீர்வு ஆனதும் "இந்த விற்பனை தொடர்பாக இனி எங்களுக்குள் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்த நாலு பேர்.

முன்பணம் வாங்கி, கேட்டபடி கட்டி, லாபம் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக விற்கத் தொடங்கினால் நீங்கள் வெறும் ஆர்வலர் இல்லை, வியாபாரி. எத்தனையாவது இயந்திரத்தில் இந்த மாற்றம் நடக்கிறது என்று சட்டம் எண் சொல்லவில்லை, நடத்தையைத்தான் பார்க்கும். வியாபாரி ஆனதும் தரத்துக்கான பொறுப்பு சேர்ந்துகொள்ளும். வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி உங்கள் திறமையை நம்பினால் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற பொறுப்பும் வரும். நுகர்வோர் சட்டமும் எட்டிப்பார்க்கும். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளை மாற்றியமைத்த விற்பனையாளர், அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் பொறுப்பேற்க வேண்டும் என்று நேரடியாகவே இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்கள் போர்டைவிட பேட்டரிதான் எனக்குக் கவலை.

அந்த பேட்டரியைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். லித்தியம் அயன் பேட்டரியை அனுப்ப வேண்டுமென்றால் அந்த வகை, ஐ.நா. 38.3 என்ற சோதனைத் தொடரைக் கடந்திருக்க வேண்டும். தயாரிப்பாளரின் பேக் கடந்திருக்கும். நீங்கள் பிரித்து வேறு செல் வைத்துக் கட்டியது கடந்ததில்லை. மேலே ஒட்டியிருக்கும் பழைய லேபிள் இப்போது உண்மை பேசவில்லை. தனி லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. லேப்டாப்புக்குள் இருந்தாலும் சோதனை விதி விலகாது. பார்சலில் "துணிகள்" என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் அது பணத்தகராறு இல்லை, குற்ற வழக்கு. பேட்டரி இல்லாமல் விற்றுவிடுங்கள். வாங்குபவர் சோதனை பெற்ற பேக் ஒன்றைத் தானே வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்து அந்த ஐபிஎம் சின்னம். பழைய இயந்திரத்தில் முதலிலிருந்தே இருந்த சின்னம் அப்படியே இருக்கலாம். மாற்றியமைத்த பொருளை, மாற்றம் நடந்ததைத் தெளிவாகச் சொல்லி, பழைய பெயரோடு விற்கலாம் என்பதற்கு நல்ல தீர்ப்புகள் உண்டு. 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பழுதுபார்த்த சாம்பியன் ஸ்பார்க் பிளக்குகளை, பழுதுபார்த்தது என்று தெரியும்படி குறித்து, அதே பெயரில் விற்க விட்டது. 2021-இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பழங்கால ஹாமில்டன் சட்டைப்பைக் கடிகாரங்களின் இயக்கப்பகுதியை எடுத்துக் கைக்கடிகாரமாக்கி விற்றவருக்குச் சாதகமாகச் சொன்னது. முகப்பில் ஹாமில்டன் பெயர் தெரிந்தாலும், யார் எதைச் செய்தார்கள் என்று முழுமையாகச் சொல்லியிருந்ததால் யாரும் குழம்ப வழியில்லை என்பது காரணம். வெவ்வேறு திங்க்பேட்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய உங்கள் 'ஃபிராங்கன்பேட்' கிட்டத்தட்ட அதே ரகம். தில்லி உயர் நீதிமன்றமும் 2024-இல் புதுப்பித்த ஹார்டு டிஸ்க்குகளின் விற்பனையை, புதுப்பித்தது என்பதையும் அசல் தயாரிப்பாளரின் உத்தரவாதம் கிடையாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தது.

புதிதாக அச்சடித்த சின்னம் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. அது உரிமையாளர் தயாரித்ததில்லை, அவர் அனுமதித்ததும் இல்லை. பிறர் வணிகச் சின்னத்தை நீங்களே செய்து பொருளில் ஒட்டி விற்பது போலிச் சின்னப் பிரச்சினை, பல நாடுகளில் குற்றமும்கூட. அழகுக்காகத்தான் ஒட்டினீர்கள் என்பது புரிகிறது. தேய்ந்த அசலை விடுங்கள், இல்லையென்றால் இடத்தைக் காலியாக விடுங்கள்.

மென்பொருளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டின் அடியில் இருக்கும் விண்டோஸ் ஸ்டிக்கர் உங்கள் புது போர்டுக்குச் செல்லாது, அந்த வகை உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது. லினக்ஸ் போட்டோ வெறும் டிஸ்க்கோடோ கொடுங்கள். தயாரிப்பாளர் ஏற்காத வைஃபை கார்டுகளுக்கு உள்ள தடையை நீக்குவதற்காக ஆர்வலர்கள் திருத்திய பயோஸை டி61-இல் போட்டிருந்தால், தயாரிப்பாளரின் பயோஸைத் திரும்ப ஏற்றிவிட்டு விற்பது பாதுகாப்பு. திருத்தியதன் நகலை பென்டிரைவில் போட்டுத் தருவது பதிப்புரிமை மீறல்.

கோர்பூட் கேட்டவருக்குத் தயங்காமல் செய்து கொடுங்கள், ஆனால் ஒரு கடமை உண்டு. அது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது. அது ஏற்றிய இயந்திரத்தை விற்றால் நீங்கள் அதை விநியோகிக்கிறீர்கள் என்றே கணக்கு. நீங்கள் ஏற்றிய அதே பதிப்பின் மூல நிரலையும் கட்டமைப்புக் கோப்பையும் கூடவே கொடுக்க வேண்டும், அல்லது குறைந்தது மூன்று வருஷம் கேட்பவருக்குத் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வழிதான் சுலபம். டிஸ்க்கிலேயே ஒரு கோப்புறையில் வைத்துவிடுங்கள்.

கூடும் போர்டும் எங்கிருந்து வந்தன என்ற ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் கழித்துவிட்ட இயந்திரங்களில் சொத்து எண் ஸ்டிக்கரும், பயோஸ் அமைப்பைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டும் இருக்கும். பாஸ்வேர்டை நீக்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால், நீங்கள் அறியாமல் விற்றிருந்தாலும் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பும் பொறுப்பு உங்களுடையது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்தில் ஒரு விற்பனைக் குறிப்பு போதும். பணம் வாங்கும் முன் அனுப்பி, "படித்தேன், சம்மதம்" என்ற பதிலை வாங்கி வையுங்கள். உங்கள் முதல் இயந்திரத்துக்கு அது இப்படி இருந்திருக்க வேண்டும்:

"இது தயாரிப்பாளர் விற்ற நிலையில் உள்ள இயந்திரம் அல்ல. டி60 கூட்டில் டி61 போர்டு வைத்து நான் மாற்றியமைத்தது. தயாரிப்பாளருக்கும் இதற்கும் தொடர்பில்லை, அவர்களின் உத்தரவாதமும் இல்லை. கிராஃபிக்ஸ் என்விடியா என்விஎஸ் 140எம். இந்த போர்டில் ஒருமுறை படம் வராமல் போய் ரீஃப்ளோ செய்திருக்கிறேன். மறுபடியும் போகலாம். பேட்டரி சேர்க்கப்படவில்லை. வந்து சேர்ந்த ஏழு நாளுக்குள் இங்கே சொல்லாத குறை எதுவும் தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

அந்த ஏழு நாள் வரியைச் சட்டம் உங்களிடம் கேட்கவில்லை, நான்தான் சேர்த்தேன். தெரிந்தவர்களுக்குள் நடக்கும் விற்பனையில் தகராறு பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தலைகாட்டும். அப்போதே எடுத்துக்கொண்டால் பொருளும் நட்பும் கெடாது. நாலு பேரிடமும் இந்தக் குறிப்புக்குச் சம்மதம் வரும்வரை முன்பணம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், குறிப்பை அனுப்பி, வேண்டாம் என்பவருக்கு முழுசாகத் திருப்பிவிடுங்கள்.