பன்னிரண்டாம் வகுப்பில் எந்தக் கால்குலஸ்?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கால்குலஸுக்கு முந்தைய பாடமான ப்ரீகால்குலஸின் ஹானர்ஸ் (உயர்நிலை) வகுப்பில் பி பிளஸ் வாங்குகிறாள். அடுத்த ஆண்டுக்குக் கால்குலஸ் (நுண்கணிதம்) ஏ-பி போதும் என்று ஆசிரியர் பரிந்துரைத்திருக்கிறார். பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதைவிடக் கடினமான பி-சி வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். ‘ஏ-பி எடுத்தால் பெரிய கல்லூரிகள் திரும்பியும் பார்க்காது’ என்கிறார் என் கணவர். மகளுக்குப் பொருளாதாரமா, கம்ப்யூட்டர் சயன்ஸா என்று இன்னும் முடிவாகவில்லை. இந்த மாதத்துக்குள் படிவம் கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதானால் ஏ-பி என்றுதான் சொல்வேன். ஆனால் ஆசிரியரிடமிருந்து வரும் ஒரு பதில் இதை மாற்றிவிடலாம். ஆகவே அவரையும், பாடத்தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரையும் பார்த்துப் பேசிவிட்டுப் படிவத்தைக் கொடுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். ஏ-பி முதல் பாகம், பி-சி இரண்டாம் பாகம் என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளியிலேயே கல்லூரி அளவிலான பாடத்தைப் படித்துப் பொதுத்தேர்வு எழுதுவதற்கான காலேஜ் போர்டின் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டத்தில் ஏ-பி என்பது ஏறக்குறைய கல்லூரியின் ஒரு செமஸ்டர் கால்குலஸ். பி-சி இரண்டு செமஸ்டர். ஏ-பியில் உள்ள அனைத்தும் பி-சியிலும் உண்டு. அதற்கு மேல் பகுதித் தொகையிடல், துணையலகுச் சமன்பாடுகள், துருவ ஆயத்தொலைவுகள், முடிவிலித் தொடர்கள், டெய்லர் தொடர் ஆகியவை வரும். பி-சி தேர்வு எழுதினால் அதற்குள்ளேயே ஏ-பி பகுதிக்குத் தனி மதிப்பெண்ணும் தருகிறார்கள். சில பள்ளிகள் ஏ-பி முடித்தவர்களை மட்டும் பி-சிக்கு அனுப்பும். சில பள்ளிகள் ப்ரீகால்குலஸிலிருந்து நேராக அனுப்பும். உங்கள் பள்ளி இரண்டாவது வகை என்று தெரிகிறது. அப்படியானால் ஏ-பி மாணவர்கள் ஓராண்டு முழுக்கப் படிப்பதை பி-சி மாணவர்கள் குறைந்த மாதங்களில் முடித்துவிட்டுத் தொடர்களுக்குப் போக வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்து வந்த பெற்றோருக்கு இது குழப்பமாகவே இருக்கும். அங்கே ஒரே பிரிவில் உள்ள எல்லோருக்கும் ஒரே கணிதப் புத்தகம், வித்தியாசமெல்லாம் மதிப்பெண்ணில்தான். இங்கே எந்த வகுப்பைத் தேர்ந்தெடுத்தாள், அதில் என்ன கிரேடு வாங்கினாள் என்ற இரண்டையும் கல்லூரிகள் சேர்த்தே பார்க்கின்றன. பகுதித் தொகையிடலைப் பதினாறு, பதினேழு வயதில் போட்டுத் தள்ளியவர்களுக்கு ‘இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்று தோன்றும். தோன்றட்டும், மகள் காதில் விழ வேண்டாம்.

இனி, உங்கள் கணவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத காலண்டர். முன்கூட்டிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் 1-க்குள் போய்விடும். வழக்கமான விண்ணப்பங்கள் ஜனவரித் தொடக்கத்தில். முடிவுகள் மார்ச் இறுதிக்குள் ஏறத்தாழ வந்துவிடும். பி-சி தேர்வு நடப்பதோ மே மாதத்தில், மதிப்பெண் கைக்கு வருவது ஜூலையில். பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் அந்தத் தேர்வில் (மதிப்பெண் 1 முதல் 5 வரை, 5 உச்சம்) அவள் 5 வாங்கினாலும் 2 வாங்கினாலும் சேர்க்கைக் குழு அதைப் பார்க்கப்போவதில்லை. அவர்கள் பார்ப்பது வகுப்பின் பெயரையும், கவுன்சிலர் அனுப்பும் அரையாண்டு அறிக்கையில் இருக்கும் கிரேடையும். அந்தக் கிரேடு உருவாவது செப்டம்பர் முதல் ஜனவரி வரை. விண்ணப்பக் கட்டுரைகளை எழுதி, அடித்து, திருத்தி எழுதும் மாதங்களும் அவைதாம். வேகமாக ஓடும் வகுப்பில் அப்போது ஒரு சி விழுந்தால், பி-சி என்ற பெயர் அதை மறைத்துவிடாது.

அதற்காக வகுப்பின் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்துடன் கவுன்சிலர் நிரப்பும் பள்ளி அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு: இதே பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் பிற மாணவர்களோடு ஒப்பிட்டால், இந்த மாணவியின் பாடத்தேர்வு எவ்வளவு கடினமானது? மிகமிகக் கடினம் என்பதில் தொடங்கிக் கீழே இறங்கும் பட்டியலில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கடும் போட்டியுள்ள கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் மேல் கட்டத்தையே விரும்புவார்கள். ஆனால் அந்தக் கட்டம் பொதுவாக எல்லாப் பாடங்களையும் சேர்த்துப் பார்த்துத் தரப்படுவது. அதன் அளவுகோல் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே கவுன்சிலரிடம் நேரடியாகவே கேளுங்கள்: “மற்ற பாடங்கள் இப்படியே இருந்து, கணிதத்தில் மட்டும் ஏ-பி எடுத்தால் நீங்கள் எந்தக் கட்டத்தைக் குறிப்பீர்கள்?” பெற்றோர் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க ஒன்றுமில்லை, இந்தப் பேச்சில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக உருப்படியான தகவல் அதுதான். கடந்த ஆண்டுகளில் இதே பள்ளியிலிருந்து கணினித் துறைக்குப் போனவர்கள் எந்தக் கால்குலஸ் படித்தார்கள் என்பதையும் கேளுங்கள். உங்கள் மகளை ஒப்பிடப்போவது முதலில் அவர்களோடுதான்.

கல்லூரிகள் எல்லாம் ஒரே மாதிரி எதிர்பார்ப்பதும் இல்லை. அறிவியலுக்கும் பொறியியலுக்கும் பெயர்பெற்ற கால்டெக், ஹார்வி மட் போன்றவை கால்குலஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஆனால் பி-சி என்று பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ஹார்வர்டோ, கால்குலஸ் தங்களுக்குக் கட்டாயமும் இல்லை, அதற்குத் தனிச் சலுகையும் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இருந்தாலும் பொறியியல், கம்ப்யூட்டர் சயன்ஸ் கேட்டு விண்ணப்பிக்கும் பிள்ளை, பள்ளியில் பி-சி இருந்தும் அதை எடுக்கவில்லை என்றால் ஏன் என்ற கேள்வி எழத்தான் செய்யும். பொருளாதாரத்துக்கு அந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையாக வராது. அங்கே ஏ-பியில் வாங்கிய நல்ல ஏ கிரேடு தாராளமாக நிற்கும்.

நல்ல மதிப்பெண் வாங்கினால் கல்லூரியில் அந்தப் பாடத்தை முடித்ததாகவே கணக்கு வைத்து கிரெடிட் தருவார்கள், அது மிச்சம் என்ற கணக்கையும் பலர் போடுகிறார்கள். எம்ஐடியில் பி-சியில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்கு கிரெடிட் உண்டு, ஏ-பிக்கு இல்லை. கால்டெக் எதற்குமே தருவதில்லை. ஜூலையில் தெரியப்போகும் ஒன்றை வைத்து இப்போது வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பி-சி எழுதுபவர்களில் பத்தில் நால்வருக்கு மேல் 5 வாங்குகிறார்கள், ஏ-பியில் ஐவரில் ஒருவர்தான் வாங்குகிறார், ஆகவே பி-சிதான் சுலபம் என்று ஒரு வாதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கணிதத்தில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள் அங்கே குவிவதால் வரும் விகிதம் அது.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். ‘ஏன் பி-சி கூடாது?’ என்று கேட்டால் அவர் தன் பரிந்துரையைக் காக்கத்தான் பேசுவார். ‘அந்த பி பிளஸ் எங்கிருந்து வருகிறது?’ என்று கேளுங்கள். மகளின் பழைய தேர்வுத்தாள்களையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கருத்து புரிந்து, கூட்டல் கழித்தலிலும் நேரத்திலும் கோட்டை விடுகிறாள் என்றால் பி-சி தாங்கும். வீட்டுப்பாடம் சமர்ப்பிக்காததால் குறைந்த கிரேடு என்றாலும் அப்படியே. ஆனால் முக்கோணவியல் முற்றொருமைகளிலும் மடக்கையிலும் பின்னங்களைச் சுருக்குவதிலும் தடுமாறுகிறாள் என்றால் ஏ-பியே சரி. கால்குலஸில் தோற்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கால்குலஸில் தோற்பதில்லை, அதன் அடியில் இருக்கும் அல்ஜீப்ராவில் தோற்கிறார்கள். விடுமுறையில் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவதாக இருந்தால் இந்த அடித்தளத்துக்கு அனுப்புங்கள். வகைக்கெழு விதிகளை ஜூலையிலேயே மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகளுக்குக் கொடுக்கும் பணம் எனக்கு வீணாகவே படுகிறது.

மகளிடமும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவள் விருப்பம் என்று ஒரு வரிகூட இல்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் பக்கம் அவள் உறுதியாகச் சாய்ந்து, ஆசிரியரின் பதிலும் சாதகமாக இருந்தால் கையெழுத்திடுங்கள்.

கையெழுத்திடும் முன் இன்னொன்றும் தெரிய வேண்டும். பி-சியில் சேர்ந்து முடியாமல் போனால் எந்தத் தேதி வரை ஏ-பிக்கு மாறலாம்? அப்போது ஏ-பி வகுப்பில் இடம் இருக்குமா? அதுவரை வாங்கிய கிரேடு கூடவே வருமா? பல பள்ளிகளில் இதற்கான கெடு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ முடிந்துவிடும். விண்ணப்பம் அனுப்பிய பிறகு வகுப்பு மாறினால் கல்லூரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்த விவரங்களைக் கவுன்சிலரிடமிருந்து மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.