2020 நோட்டும் அடகில் இருக்கும் பத்துப் பவுனும்

கேள்வி: கருங்கலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் கணவர் குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். 2020 மார்ச்சோடு சம்பளம் நின்றுபோனது. நான்கு மாதம் ஓர் அறையில் எட்டுப் பேரோடு அடைந்து கிடந்துவிட்டு, ஜூலையில் சிறப்பு விமானத்தில் திருவனந்தபுரம் வந்து இறங்கினார். அவருடைய டிக்கெட்டுக்கும், மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும், மகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போன் வாங்கவும் பத்துப் பவுன் நகையை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 2,40,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். 12 சதவீத வட்டி. ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறோம். 2020 பிப்ரவரியில் வாங்கிய 6 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனும் உண்டு: 9 சதவீதம், பத்து ஆண்டு, தவணை 7,600. அதில் ஆறு மாதத் தவணையை அப்போது ஒத்திவைத்தோம். இப்போது சீட்டுப் பணமும் சேமிப்புமாக 3 லட்சம் இருக்கிறது. 1 லட்சம் பீரோவில், 2 லட்சம் வங்கிச் சேமிப்புக் கணக்கில். நகையைத் திருப்பலாம் என்றால், "இன்னொரு ஊரடங்கு வந்தால் என்ன செய்வாய்? பணம் கையில் கிடக்கட்டும்" என்கிறார் கணவர். இன்னொன்று. அந்த நாட்களில் ஒரு நோட்டில் தினமும் செலவு எழுதினேன். 2020 ஏப்ரலில் மொத்தச் செலவு 9,640 ரூபாய். இன்று மாதம் 32,000 ஆகிறது. இருவருமாக 35,000 சம்பாதித்தும் மிச்சம் நிற்பதில்லை. நான் ஊதாரியாகிவிட்டேனா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் ஊதாரி இல்லை. அந்தக் கேள்வியை எழுதும்போது உங்கள் மனம் எவ்வளவு நொந்திருக்கும் என்று நினைத்து வருந்தினேன்.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களின் படங்களைப் பெரிதாக்கி வைத்து வரிவரியாகப் படித்தேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்துப் பக்கம் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. "மரச்சீனி – பின்வீட்டு அக்கா தந்தது. தேங்காய் – நம் மரம். சாளை – 50. அம்மா மாத்திரை – 640. போன் ரீசார்ஜ் – 249. சீட்டு – கட்டவில்லை." பக்கத்தின் மேல் ஓரத்தில் வரவு என்று ஒரே ஒரு வரி: "ரேஷன் கடை – 1,000." அரிசி அட்டைக்காரர்களுக்குத் தமிழக அரசு அந்த மாதம் கொடுத்த ஆயிரம் ரூபாய் அது. அரிசியும் பருப்பும் சர்க்கரையும் எண்ணெயும் அப்போது விலையில்லாமல் கிடைத்தன. அதனால்தான் அந்தப் பக்கங்களில் அரிசி என்ற சொல்லே இல்லை. பள்ளி வேன் இல்லை, பெட்ரோல் இல்லை. கல்யாணத்துக்கு 50 பேர், அடக்கத்துக்கு 20 பேர் என்று கட்டுப்பாடு இருந்ததால் மொய் என்ற வரியும் இல்லை. நம் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவில் கல்யாணமும் பால்காய்ச்சலும் எவ்வளவு விழுங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக் கடன் தவணை அந்த நோட்டில் இல்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று மூன்று மாதத்துக்கும், பிறகு மே மாதத்தில் மேலும் மூன்று மாதத்துக்கும், ஆகஸ்ட் 31 வரை தவணையை ஒத்திவைக்க இடம் கொடுத்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. 6 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 4,500 ரூபாய். ஆறு மாதத்தில் அது வட்டிக்கு வட்டியும் சேர்ந்து 27,511 ரூபாயாகி அசலோடு கலந்துவிட்டது. அந்த நவம்பரில் உங்கள் கணக்கில் 500 சொச்சம் ரூபாய் வந்து விழுந்திருக்கும், பழைய பாஸ்புக்கைப் பாருங்கள். அரசு திருப்பிக் கொடுத்தது வட்டிக்கு ஏறிய வட்டியை மட்டும்தான்; உங்கள் கணக்கில் அது 511 ரூபாய். மீதி 27,000 உங்கள் கடனிலேயே இருக்கிறது. அதே 7,600 ரூபாய்த் தவணையைத் தொடர்ந்து கட்டினால், ஒத்திவைத்த ஆறு தவணைகளையும் கட்டி முடித்த பிறகு இன்னும் ஒன்பது தவணை கட்ட வேண்டிவரும். 2030 தொடக்கத்தில் முடிய வேண்டிய கடன் 2031 நடுவில்தான் முடியும். இடையில் வட்டி விகிதம் மாறியிருந்தால் கணக்கு சற்று முன்பின் ஆகலாம்.

இதைச் சொல்வது உங்களைக் குறை கூற அல்ல. சம்பளம் வராத மாதத்தில் ஒத்திவைத்தது சரியான முடிவு. என்னிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மாதத்தின் 9,640 ரூபாய் உண்மையான செலவு இல்லை என்பதை நீங்கள் உணர வேண்டும். கொஞ்சம் அரசு கொடுத்தது, கொஞ்சம் பின்வீட்டு அக்கா கொடுத்தார், ஒரு பெரும்பகுதியை 2031 வரை தள்ளிவைத்தீர்கள். பஞ்ச காலத்துக் கணக்கை வைத்து இன்றைய குடும்பத்தை அளந்தால் எந்தப் பெண்ணும் ஊதாரியாகத்தான் தெரிவாள்.

இன்றைய 32,000 ரூபாயையும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கடன் 7,600, நகை வட்டிக்கு ஒதுக்குவது 2,400, பள்ளியும் வேனும் 5,500, மாமியாரின் மருந்து 2,100, மளிகையும் மீனும் 8,500, கரண்ட் கேஸ் போன் 2,400, பெட்ரோல் 2,000, நல்லது கெட்டதுக்கு 1,500. பல குடும்பங்களின் கணக்கைப் பார்த்த கண்ணால் சொல்கிறேன், இதில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அது அந்த 2,400.

நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 28,800 ரூபாய் வட்டி. ஐந்து ஆண்டில் 1,44,000 கட்டிவிட்டீர்கள். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மறுபுறம், சேமிப்புக் கணக்கில் கிடக்கும் 2 லட்சத்துக்கு வங்கி தருவது இரண்டரை, மூன்று சதவீதம். ஆண்டுக்கு ஐந்தாயிரமோ ஆறாயிரமோ. பீரோவில் இருக்கும் லட்சத்துக்கு அதுவும் இல்லை. உங்கள் சொந்தப் பணத்தைச் சும்மா வைத்துக்கொண்டு, பிறர் பணத்துக்கு 12 சதவீதம் கட்டுகிறீர்கள். தங்கம் விலை ஏறுகிறதே என்று யாராவது சொன்னால், அடகில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அந்த ஏற்றம் உங்களுக்குத்தான் என்று சொல்லுங்கள்.

ஆனாலும் உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எட்டுப் பேரோடு ஓர் அறையில், ஊரில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, கையில் டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நான்கு மாதம் கழித்தவர் அவர். பீரோவைத் திறந்து அந்தக் கட்டைப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. நாகர்கோவிலில் என்னிடம் வருகிறவர்களில் அவரைப் போன்றவர்கள் பலர். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள், களியக்காவிளை சோதனைச் சாவடியில் இ-பாஸை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றவர்கள். அவர்களிடம் "பயப்படாதீர்கள்" என்று நான் சொல்வதே இல்லை. "அன்று உண்மையில் எது கை கொடுத்தது?" என்று கேட்பேன். உங்கள் கணவரிடமும் கேளுங்கள். அன்று உங்களைக் காப்பாற்றியது பீரோவில் இருந்த ரொக்கமா? இல்லை. அடகில் இல்லாமல் உங்கள் கழுத்திலும் கையிலும் கிடந்த பத்துப் பவுன். ஒரே நாளில் அது 2,40,000 ரூபாயாக மாறியது. இன்னொரு கஷ்டம் வந்தால் அதே வேலையைச் செய்ய அந்த நகை இன்று உங்களிடம் இல்லை. அவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதற்கான மருந்தைத்தான் அடகுக் கடையில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஊரடங்கில் வங்கிகளும் ஏ.டி.எம்.களும் மூடப்படவில்லை என்பதையும் நினைவுபடுத்துங்கள். வரிசை நீளம், தெருவில் தகரம் அடைத்திருந்தால் சுற்றிப் போக வேண்டும், அவ்வளவுதான். தபால்காரர் வீட்டு வாசலில் நின்று, ஆதார் எண்ணும் விரல் ரேகையும் வாங்கிக்கொண்டு வங்கிக் கணக்குப் பணத்தைக் கொடுத்த காலம் அது. பத்தாயிரம் ரூபாய் வீட்டில் இருந்தால் தாராளம்.

ஆகவே என் யோசனை இது. சேமிப்புக் கணக்கில் உள்ள 2 லட்சம், பீரோவில் உள்ளதில் 40,000, இரண்டையும் சேர்த்து நகையை முழுவதுமாகத் திருப்புங்கள். பாதி திருப்பிப் பாதி வைப்பது வேண்டாம். மீதி 60,000 இருக்கும். இங்கேதான் உங்கள் நோட்டு உண்மையாகவே பயன்படுகிறது. வருமானம் அடியோடு நின்றால் ஒரு மாதத்தை எவ்வளவில் ஓட்டலாம் என்பதை உங்கள் கையாலேயே எழுதிப் பழகியவர் நீங்கள். இன்றைய விலையில் மளிகைக்கு 7,000, மருந்து 2,100, கரண்ட் கேஸ் போன் 2,000, போக்குவரத்து 900, வீட்டுக் கடன் 7,600. எல்லாம் சேர்த்து 19,600. பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும் தவணை கேட்க வேண்டிவரும். 60,000 ரூபாயில் மூன்று மாதம் நிற்கலாம். அதற்குப் பின்னால் பத்துப் பவுன் நிற்கிறது. 10,000 வீட்டில் இருக்கட்டும், 50,000 ரூபாயை 25,000 வீதம் இரண்டு டெபாசிட்டாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.

வட்டி நின்றதும் மாதம் 2,400 மிச்சம். ஏற்கெனவே மிஞ்ச வேண்டிய மூவாயிரத்தோடு சேர்த்து 5,000 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்பு தொடங்குங்கள். கணவர் கையில் கூலி கிடைக்கும் வாரத்திலேயே கட்டும்படி தேதி வையுங்கள். ஓராண்டில் அறுபதாயிரம் சேரும்.

நகையை வீட்டில் வைக்கப் பயமாக இருந்தால் வங்கி லாக்கர் எடுக்கலாம். தீயோ திருட்டோ வங்கி ஊழியரின் மோசடியோ நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம், இரண்டாம் அலையில், என் அத்தான் போய்விட்டார். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்று வந்தவர். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. கடைசியாக முகம் பார்க்கக்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை. பதினாறு கழிந்த மறுநாள் என் அக்கா அவருடைய தோல் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். ஷீட் எடை போட்ட சீட்டுகள், பெட்ரோல் ரசீதுகள், ஒரு சின்ன டைரி முழுக்கத் தொலைபேசி எண்கள். எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. கடைசியில் கண்டுபிடித்த டெபாசிட்டுக்கு நாமினி எழுதப்படவில்லை. வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், பிள்ளைகளின் கையெழுத்து என்று அக்கா அலைந்த மாதங்களை நான் கூட இருந்து பார்த்தேன். மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நான் என் வீட்டாரிடம் கேட்காமல் விட்டேன் என்ற வேதனை இன்றும் ஆறவில்லை.

உங்கள் சேமிப்புக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கணவர் பெயரில் மட்டும் என்றால், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். புதிய டெபாசிட்டுகளில் நாமினி பெயரை எழுதி, ரசீதில் அது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதே நாளில் அதே வங்கியில் பிரதமர் பெயரிலான இரண்டு காப்பீடுகளுக்கும் இருவரும் படிவம் கொடுங்கள். ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீடு 20 ரூபாய். ஒவ்வொன்றிலும் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும். கம்பத்திலும் ஏணியிலும் ஏறி வேலை செய்பவர் உங்கள் கணவர். தொடர் வைப்பின் முதல் ஆண்டுப் பணம் வந்ததும் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் கிடைக்காது. நோய் வந்த பிறகு ஓடிப் பயனில்லை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

நகை திருப்பப் போகும் நாளில் இருவரும் சேர்ந்து போங்கள். முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டு, அன்றுவரை உள்ள வட்டியோடு மொத்தம் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடகுச் சீட்டின் அசலையும் ஆதாரையும் எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு சீட்டில் உள்ள பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி, எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போனுக்காக மகள் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த கம்மல் என்று நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதன் திருகாணிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சின்னது என்பதால் அதுதான் உறைக்குள் தங்கிவிடும்.