தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்க, எந்தப் படங்களைப் பார்த்தால் யோசனை கிடைக்கும்?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இறுதியாண்டு, கையில் ஒரு மொபைல், சுற்றிலும் வட சென்னை என்று எழுதிவிட்டு, பார்க்க வேண்டிய படங்களின் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். மூன்று படம் போதும். அதிலும் படத்துக்கு ஒரு சீனை மட்டும் எடுத்துப் பிரித்து மேயுங்கள். முப்பது படங்களை வரிசையாகப் பார்த்தால் கேமரா அசைவும் பின்னணி இசையும்தான் தலையில் தங்கும். எழுத உட்கார்ந்தால் கதை வராது, பார்த்ததன் டிரெய்லர் ஒன்று வரும்.

ஒரு சின்னப் பொருளைச் சுற்றி நகரும் படங்களாகத் தேர்ந்தெடுங்கள். மஜித் மஜிதியின் ஈரானியப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) தங்கையின் ஷூ தொலைவதில் தொடங்குகிறது. அவளுக்குக் காலைப் பள்ளி, அண்ணனுக்கு மதியப் பள்ளி; அண்ணனின் ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டு ஓடுகிறார்கள். டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தில் சைக்கிள் இருந்தால்தான் வேலை, அந்த சைக்கிள் திருடு போகிறது. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்தில் ஹவுசிங் போர்டில் நிற்கும் ஒரு சுவர். ஐந்து நிமிடத்தில் மூன்று பேரின் முன்கதையைச் சொல்ல நேரம் கிடையாது. ஒரு பொருள், அது யாருக்கு வேண்டும், எத்தனை மணிக்குள் வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் பார்வையாளர் முதல் நிமிடத்திலேயே உள்ளே வந்துவிடுவார்.

இனி சீனைப் பிரிப்பது. இதைத்தான் பெரும்பாலான மாணவர்கள் செய்வதில்லை. இரண்டு மூன்று நிமிடம் ஓடும் ஒரு சீனை எடுத்து, முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நோட்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி: வைடா (தூரத்திலிருந்து), மிட்டா (இடுப்பு வரை), க்ளோஸா (முகம் மட்டும்), எத்தனை விநாடி, கேமரா நகர்கிறதா, யார் யாரைப் பார்க்கிறார்கள். கணினியில் விஎல்சி பிளேயர் இருந்தால் ஆங்கில 'E' எழுத்துச் சாவியைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும், ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், அதாவது கட், துல்லியமாகத் தெரியும். அடுத்த முறை திரையை மூடிவிட்டுக் கேளுங்கள். அடுத்த ஷாட்டின் சத்தம் அதன் காட்சிக்கு முன்னாலேயே வந்துவிடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எடிட்டில் உங்களுக்கு அதிகம் உதவப் போவது அதுதான். மூன்றாவதாக, அந்த சீனுக்கு ஸ்கிரிப்ட் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. இரண்டு நிமிட சீன் ஐந்து பக்கம் வந்தால், கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்: அவன் மனதில் நினைத்தான், அவளுக்குப் பழைய ஞாபகம் வந்தது. அதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: சீன் தொடங்கும்போது இருந்த நிலை எந்த ஷாட்டில் மாறுகிறது? அந்த ஷாட்டை வட்டமிடுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் வேறு சீன் தேடலாம்.

இப்போது 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' கதை நகரும் விதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றுங்கள். ஷூ வேண்டாம், பள்ளி வேண்டாம். ஒரே பொருளை இரண்டு பேர் நேரம் பிரித்துக்கொள்வது மட்டும் மிச்சம். காசிமேட்டில் ஏலம் எடுத்துக் காலையில் மீன் விற்கும் ஒரு அக்கா, சாயங்காலம் தெருமுனையில் விற்கும் இன்னொருவர், இருவருக்கும் ஒரே ஐஸ்பெட்டி. நான்கு மணிக்குள் கழுவித் திரும்ப வர வேண்டும். ஒருநாள் வரவில்லை. இரண்டு நடிகர்கள், ஒரு தெரு, ஒரு வீட்டு வாசல். ஒரே நாளில் எடுத்துவிடலாம். யாரும் பார்த்து இது அந்தப் படம் என்று சொல்ல மாட்டார்கள்.

வட சென்னையைக் காட்டிய படங்களைப் பார்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். அவற்றிலிருந்து கத்தியையும் சந்துக்குள் துரத்தலையும் எடுத்துக்கொண்டு வருகிற மாணவர்கள் ஏராளம். இங்கே வாழ்கிறவர்களுக்கு அது சலித்துப்போய்விட்டது, நியாயமாகவே. வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) படத்தில் சிறைக்குள் கேரம் போர்டைச் சுற்றி யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். வசனம் இல்லாமல் அதிகாரத்தைக் காட்டப் பழகலாம். 'சார்பட்டா பரம்பரை' (2021) 1970களில் நடக்கிறது. அந்த வழியில் போகாதீர்கள். பின்னணியில் ஒரு டிஷ் ஆன்டெனாவோ ஃப்ளெக்ஸ் பேனரோ விழுந்தால் மாணவர் படத்தின் காலம் உடைந்துவிடும்.

லொக்கேஷனுக்கு, படம் பிடிக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்து கேமரா வைத்தால் வானம் வெளுத்து முகம் கறுத்துப்போகும். கடலைப் பின்னணியாக்க வேண்டுமென்றால் மாலை நாலரைக்கு மேல், வெயில் நிலத்துப் பக்கமிருந்து முகத்தில் விழும். சந்து குறுகல் என்று மொபைலில் 0.5 லென்சுக்குப் போகாதீர்கள், ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடும். 1-லேயே வைத்து, எதிர்வீட்டு வாசலுக்குள்ளிருந்தோ மாடிப்படியிலிருந்தோ எடுங்கள். வீட்டுக்குள் டியூப்லைட் மினுக்கினால் காரணம் நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வையுங்கள். 30 ஃப்ரேம்தான் வருகிறது என்றால் 1/100. மொபைலின் சொந்த கேமராவில் இதைப் பூட்ட முடியவில்லையானால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

மாணவர் படங்கள் அதிகம் தோற்பது ஒலியில். கொருக்குப்பேட்டை பக்கம் ரயில், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி. வசனத்தின் நடுவே ரயில் போனால், எடிட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் ரயில் வந்து வந்து மறையும். நிறுத்தி, கடந்துபோன பிறகு முழு வசனத்தையும் மறுபடி எடுங்கள். இல்லையென்றால் ரயில் போகும்வரை பாத்திரங்கள் பேசாமல் காத்திருப்பதாகவே எழுதிவிடலாம்; இந்தப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான் பேசுகிறார்கள். காலர் மைக்கை இன்னொரு மொபைலில் பதிவு செய்து, ஒவ்வொரு டேக்குக்கும் ஒருமுறை கை தட்டுங்கள், எடிட்டில் படத்தோடு ஒலியைச் சேர்க்கச் சுலபம். இடத்தைவிட்டுக் கிளம்பும் முன் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் வெறும் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையம், மெட்ரோ, துறைமுகத்தின் உட்பகுதி மூன்றிலும் அனுமதி இல்லாமல் கேமரா எடுக்க வேண்டாம். தெருவில் எடுக்கும் முன் அங்கே இருக்கும் பெரியவர்களிடமும் கடைக்காரரிடமும் கதையைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, தேதி. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகுகளின் மீன்தான் கரைக்கு வரும். ஐஸ்பெட்டிக் கதையை மே மாதம் எடுத்தால் பின்னணியில் நிறைந்த ஏலம் கிடைக்காது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அது முடியாது என்றால், மீன் வரத்து குறைந்ததால்தான் பெட்டி திரும்பவில்லை என்று ஸ்கிரிப்டை மாற்றிக்கொள்ளுங்கள்.