மூளை வரை போகும் தீவனம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தொட்டியில் மீன் குஞ்சுகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறுகின்றன. டிரிப்டோபான் கொடுத்தால் அடங்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. டிரிப்டோபான் என்பது புரதத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்; அதை மீனின் உடம்பால் தயாரிக்க முடியாது. தீவனத்தில்தான் வர வேண்டும். மூளைக்குள் அது செரோடோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளாக மாறுகிறது. செரோடோனினையே தீவனத்தில் கலந்தால் பயனில்லை, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை அது தாண்டாது. டிரிப்டோபான் தாண்டும். உள்ளே அதைச் செரோடோனின் ஆக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு வழக்கமாக முழு வேலை கிடைப்பதில்லை. அதனால் வரத்து கூடினால் உற்பத்தியும் கூடுகிறது.

ரெயின்போ டிரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சுகளுக்கு டிரிப்டோபான் கூட்டிய தீவனத்தை 7 நாள் கொடுத்தபோது சண்டை குறைந்தது. 3 நாள் போதவில்லை. களவாக் குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்குவதும் இதனால் குறைந்திருக்கிறது. ஆனாலும் வால் கடித்தால் முதலில் அளவு வாரியாகக் குஞ்சுகளைப் பிரியுங்கள். தீவனத்தைத் தொட்டி முழுக்கப் பரவலாகத் தூவுங்கள். ஒரே மூலையில் கொட்டினால் பெரியது அந்த மூலையைக் காவல் காக்கும்; சின்னது பட்டினி கிடக்கும். அதை எந்த அமினோ அமிலமும் சரிசெய்யாது.

கேள்வி: கிலோவுக்கு 5 கிராம் டிரிப்டோபானைத் தண்ணீரில் கரைத்துத் தீவனத்தின் மேல் தெளித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. எங்கே பிசகு?

பதில்: பிசகு இரண்டு இடங்களில் இருக்கலாம்.

முதலாவது, கரைசல். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 கிராம்தான் கரையும். ஒரு கிலோ குருணைத் தீவனம் ஊறிப் போகாமல் 50 மில்லி வாங்கும் என்று வையுங்கள். அதில் கரைவது அரை கிராம் சொச்சம். மிச்சமெல்லாம் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகத் தங்கியிருக்கும். எனவே கரைக்க வேண்டாம். பொடியை நன்றாகச் சலித்து, உலர்ந்த தீவனத்தோடு புரட்டுங்கள். பிறகு கிலோவுக்கு 20 முதல் 30 மில்லி மீன் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றிப் பிசிறி, அரை மணி நேரம் விடுங்கள். விழுந்த உடனே கவ்வும் மீனுக்கு இந்தப் பூச்சு போதும். மெதுவாகக் கொறிக்கும் மீனுக்குப் போதாது, தின்பதற்குள் தண்ணீரில் கரைந்து போய்விடும். அதற்கு மாவு பிசையும்போதே கலந்து, பிறகு குருணையாக்க வேண்டும்.

இரண்டாவது, போட்டி. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மூளைத் தடுப்பில் டிரிப்டோபான் நுழையும் அதே வாசலில் லியூசின், ஐசோலியூசின், வாலின், ஃபினைல்அலனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆக, தனி அளவை மட்டும் பார்க்கக் கூடாது, விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தீவனத்தில் டிரிப்டோபான் 0.45 சதவீதம், மற்ற ஐந்தும் சேர்ந்து 9.9 சதவீதம் என்றால் விகிதம் நூற்றுக்கு நாலரை. நீங்கள் சேர்த்த 5 கிராமும் ஒழுங்காக உள்ளே போனால் அது ஒன்பதரைக்கு ஏறும். தீவனத்தில் மக்காச்சோள குளூட்டன் நிறைய இருந்தால் கணக்கு கெடும்: 60 சதவீதப் புரதமுள்ள குளூட்டனில் லியூசின் 10 சதவீதத்தை ஒட்டியும், டிரிப்டோபான் 0.3 சதவீதத்தை ஒட்டியும்தான் இருக்கும். ஒட்டுவதற்கு ஜெலட்டின் போடுகிறவர்களும் கவனியுங்கள். அதில் டிரிப்டோபான் அறவே கிடையாது.

கேள்வி: ஆய்வக அறிக்கையில் எல்லா அமினோ அமிலமும் இருக்கிறது, டிரிப்டோபான் மட்டும் இல்லை. தீவனத்திலேயே இல்லையா?

பதில்: இருக்கும். புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்துப் பிரிக்கும் வழக்கமான முறையில் டிரிப்டோபான் அழிந்துவிடுகிறது. அமிலத்துக்குப் பதிலாகக் காரக் கரைசலில் பிரிக்கும் தனிச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நல்லதுதானே, வருடம் முழுக்கக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். டிரவுட்டில் 7 நாள் கொடுத்தபோது, மிரட்சிக்குப் பிறகு ஏறும் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்தது. 28 நாள் கொடுத்தபோது அந்தப் பலன் காணவில்லை. மிரட்டாத மீன்களில், டிரிப்டோபான் கொடுத்ததால் கார்டிசோல் சற்று ஏறியதும் உண்டு. காரணம், மூளையிலிருந்து தலைச் சிறுநீரகத்துக்கு (மீன் சிறுநீரகத்தின் முன்பகுதி) போய்க் கார்டிசோலைச் சுரக்கவைக்கும் சங்கிலியில் செரோடோனினும் ஒரு கண்ணி. மிதமிஞ்சினால் பசியும் மந்தமாகும். தரம் பிரிப்பது, இடம் மாற்றுவது போன்ற வேலைக்கு ஒரு வாரம் முன்னால் தொடங்குவதே எங்கள் யோசனை. பயணத்துக்கு முன் பட்டினி போடுவதால் பலன் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சால்மனில் தீவனத்தை மாற்றிய பிறகும் பல நாள் தாக்கம் தெரிந்திருக்கிறது.

கேள்வி: டைரோசினும் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. டோபமின், நார்அட்ரினலின் என்ற வேறு இரண்டு நரம்புச் செய்திப் பொருள்கள் அதிலிருந்து வருவது சரிதான். ஆனால் அதே வாசலில் அது டிரிப்டோபானுக்குப் போட்டி.

கேள்வி: பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது?

பதில்: ஒரு தொட்டிக்கு டிரிப்டோபான், இன்னொன்றுக்கு வெறும் எண்ணெய்ப் பூச்சு மட்டும், மற்றபடி எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் 10 நிமிடம் நின்று, துரத்தலையும் கடியையும் எண்ணுங்கள். மிச்சத் தீவனத்தை எடை போடுங்கள். ரத்தம் எடுப்பதானால், வலை போட்ட 3 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தாமதமானால் வலை கிளப்பிய கார்டிசோலைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.