ரசனையும் உடன்பாடும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

‘24’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் எட்டுப் பருவங்களையும் அண்மையில் பார்த்து முடித்தேன். யாரையும் வதைத்து விசாரிக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அத்தொடரின் நாயகனான பயங்கரவாதத் தடுப்பு அதிகாரி ஜாக் பாவர் ஒருவனை நாற்காலியில் கட்டிப்போட்டு உண்மையைக் கறக்கும்போது, ‘சீக்கிரம் சொல்லித் தொலையேன்’ என்று மனதுக்குள் நானும் கத்திக்கொண்டிருந்தேன். இதைக் கேள்விப்பட்ட என் தோழி, ரசிப்பதும் ஒருவகை ஆதரவுதான் என்கிறார். தன் கொள்கைக்கு ஒவ்வாத படங்களையும் தொடர்களையும் அவர் தொடுவதே இல்லை. கலை வேறு, அரசியல் வேறு என்று அவருக்குப் பதில் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கு ஒப்பவில்லை. நான் போலியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பதில் உங்களுக்கே ஒப்பாமல் போனதில் எனக்கு மகிழ்ச்சி. கலையையும் அரசியலையும் தனித்தனியாகப் பிரித்துவைத்து, ஒன்றை மட்டும் எடுத்துச் சுவைக்கலாம் என்ற வாதம் கேட்க நாகரிகமாக இருக்கிறதே தவிர, நாம் படம் பார்க்கும் விதத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

நீங்கள் சொன்ன தொடரையே எடுத்துக்கொள்வோம். 2001 நவம்பரில் தொடங்கிய ‘24’ தொடரில் ஒவ்வொரு பருவமும் ஒரே நாளின் கதை. ஒவ்வொரு பகுதியும் அந்நாளின் ஒரு மணிநேரம். இடைவேளைக்கு முன்னும் பின்னும் திரையில் கடிகார எண்கள் துடிக்கும் ஓசையோடு நகரும். அந்தக் கடிகாரம்தான் அத்தொடரின் ஆகச்சிறந்த கலைச் சாதனை. அதன் அரசியலும் அதுவேதான். வழக்கறிஞரை அழைப்பது, நீதிபதியிடம் அனுமதி பெறுவது, கிடைத்த தகவலைச் சரிபார்ப்பது என்று சட்டம் நம்மிடம் கேட்பதெல்லாம் அவகாசத்தைத்தான். அவகாசமே இல்லாத ஓர் உலகத்தைக் கட்டியெழுப்பிவிட்டால், சட்டம் அங்கே தானாகவே இடைஞ்சலாகத் தெரியும். வசனம் பேசி யாரும் உங்களை வாதத்தில் வெல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, குண்டு இருப்பது உறுதி என்பதும், கட்டுண்டு கிடப்பவனுக்கு அது தெரியும் என்பதும் பல கட்டங்களில் பார்வையாளருக்கு முன்பே காட்டப்பட்டுவிடுகின்றன. உண்மையான விசாரணை அறையில் அந்த நிச்சயம் எவருக்கும் வாய்ப்பதில்லை. எதிரே இருப்பவனுக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். வலி தாங்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்.

ஆகவே, அரசியலை மன்னித்துவிட்டு நீங்கள் கலையை ரசிக்கவில்லை. உங்களைப் பதறவைத்ததும் உங்கள் நம்பிக்கைக்கு எதிராக வேலை செய்ததும் ஒரே உத்திதான். (நாயகனாக நடித்த கீஃபர் சதர்லேண்ட், கனடாவில் அரசுப் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வழிகாட்டிய சோஷலிசத் தலைவர் டாமி டக்ளஸின் மகள்வழிப் பேரன் என்பது கூடுதல் வேடிக்கை.)

நமக்கு உவப்பான அணியின் படைப்புகளும் இதைத்தான் செய்கின்றன. அங்கே நமக்கு உறுத்துவதில்லை, அவ்வளவே. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ 1925இல் வந்தது. ஒடெஸா படிக்கட்டுக் காட்சியை மறுபடி நிதானமாகப் பாருங்கள். மேலிருந்து இறங்கிவரும் ஜார் மன்னனின் படையினருக்குப் பெரும்பாலும் முகமே கிடையாது. ஒரே சீராக இறங்கும் காலணிகள், வரிசையாக நீளும் துப்பாக்கிகள், கீழே விழும் நிழல்கள். சுடப்படுபவர்களுக்கோ முகங்கள் மட்டுமே: மூக்குக்கண்ணாடி அணிந்த பெண்மணி, அடிபட்ட பிள்ளையை ஏந்திக்கொண்டு படையை நோக்கியே ஏறிச்செல்லும் தாய். யாருக்கு முகம் தருவது, யாருக்குக் காலணி மட்டும் போதும் என்ற அந்தப் பங்கீட்டிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அதன் வலிமையை மிகத் துல்லியமாக உணர்ந்தவர்களில் ஒருவர், கம்யூனிஸ்டுகளை அடியோடு வெறுத்த நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ். உறுதியான அரசியல் நம்பிக்கை இல்லாத எவரும் இந்தப் படத்தைப் பார்த்தால் போல்ஷ்விக் (ரஷ்யக் கம்யூனிஸ்ட்) ஆகிவிடக்கூடும் என்ற பொருளில் 1933இல் ஜெர்மானியத் திரைத்துறையினரிடம் அவர் வியந்து பேசினார். அந்த வியப்பால் அவர் கொள்கை இம்மியும் அசையவில்லை. ரசனை உடன்பாடாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

ரசிப்பது என்றால், ஒரு படைப்பின் சட்டதிட்டங்களுக்குச் சில மணிநேரம் உட்பட்டு வாழ்வது என்று நான் புரிந்துகொள்கிறேன். அப்படி உட்படாமல், வாசலில் நின்றபடி தீர்ப்பு வழங்குபவருக்கு அந்தப் படைப்பு எதைச் சொல்கிறது என்பது தெரியலாம். மற்றவர்களை அது எப்படி இணங்கவைக்கிறது என்பது பிடிபடாது. உட்பட்டு, இணங்கி, வெளியே வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்னிடம் இந்தச் சம்மதத்தைப் பெறுவதற்காக இது எதை மறைத்தது? உங்கள் கடிதத்தையே அந்தக் கேள்வியின் தொடக்கமாகத்தான் நான் வாசித்தேன்.

இலக்கியத்தில் இது பழைய விவகாரம். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் மன்னராட்சியின் பக்கம் நின்றவர். ஆயினும் பிரெஞ்சுச் சமூகத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடமும் பொருளியலாளர்களிடமும் கற்றதைவிட அவரிடம் அதிகம் கற்றதாக மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் 1888இல் ஒரு கடிதத்தில் எழுதினார். கம்பனைத் தமிழ் மேடைகளில் உருகி உருகிப் பேசிய ஜீவா கம்யூனிஸ்ட் தலைவர். இவர்களை யாரும் போலிகள் என்று சொல்வதில்லை.

ஒரு படத்தின் அரசியல் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்வதும் நாம் நினைக்கும் அளவுக்கு எளிதல்ல. 1952இல் வந்த ‘ஹை நூன்’ படத்தின் திரைக்கதையாசிரியர் கார்ல் ஃபோர்மன், ஹாலிவுட்டின் கம்யூனிஸ்ட் வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர். ஊரே கைவிட்ட மார்ஷலின் (ஊர்க்காவல் அதிகாரியின்) கதையில் அந்த வேட்டைக்கு அஞ்சி ஒதுங்கியவர்களைத்தான் அவர் எழுதினார். அந்த மார்ஷலாக நடித்த கேரி கூப்பரோ வலதுசாரி. படத்தை அமெரிக்கப் பண்புக்கே விரோதமானது என்று பிற்காலத்தில் சாடிய நடிகர் ஜான் வெய்ன்தான், கூப்பருக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதை அவர் சார்பில் 1953இல் மேடையேறிப் பெற்றுக்கொண்டவர். 1989இல் போலந்துத் தேர்தலில் ஆளும் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நின்ற சாலிடாரிட்டி இயக்கம், அதே மார்ஷலின் உருவத்தைத் தன் சுவரொட்டியில் அச்சிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் தோழியை முழுவதுமாக மறுக்க எனக்கு மனம் வரவில்லை. 2006 நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விநிலையத்தின் கல்விப் பொறுப்பாளர் பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன், அனுபவமிக்க விசாரணையாளர்களுடன் ‘24’ தொடரை உருவாக்கியவர்களைச் சந்தித்து, தம் மாணவர்களிடம் அது தவறான எண்ணங்களை விதைப்பதாக முறையிட்டார். கதைதானே என்று அவரால் விட்டுவிட முடியவில்லை. அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ விஷயத்தில் விளைவு இன்னும் வெளிப்படை. 1915இல் வந்த அப்படத்தின் உச்சக்கட்டத்தில், குடிசைக்குள் சிக்கிய வெள்ளையரையும் அவர்களைக் காக்கக் குதிரைகளில் விரைந்துவரும் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ‘நேரத்துக்குள் வந்துவிடுவார்களா?’ என்ற பதைப்பில் பார்வையாளரைக் கொலைகாரர்களின் பக்கம் நிற்கவைக்கும் அந்த உத்தியின் தொலைதூர வாரிசுதான் ஜாக் பாவரின் கடிகாரம். அழிந்துபோயிருந்த க்ளான் அமைப்பு அதே ஆண்டில் ஜார்ஜியாவில் மறுபடி தொடங்கப்பட்டது. அந்தப் படத்தையே ஆள்சேர்ப்புக்கும் பயன்படுத்தினார்கள். அந்தக் குடிசைக் கதவை உடைக்க வரும் கூட்டமாகத் திரையில் தன் இனத்தாரைக் காணும் கறுப்பினப் பார்வையாளரிடம், சற்று நேரம் உட்பட்டுப் பாருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எதிரணிப் படத்தை ரசிக்கும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

நீங்கள் போலி இல்லை. உங்கள் தோழி ஏன் விலகியிருக்கிறார் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை, அதைக் கேளுங்கள். அவரோ அவருக்கு வேண்டியவர்களோ அந்த நாற்காலியில் உட்கார நேர்ந்தவர்கள் என்றால், பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். வெறும் கொள்கைப் பிடிப்பு என்றால், ஐந்தாம் பருவத்தை மட்டும் அவரோடு சேர்ந்து மறுபடி பாருங்கள். அதில் வில்லன் அமெரிக்க ஜனாதிபதியே. அவரைக் கடத்திச்சென்று துப்பாக்கி முனையில் மிரட்டியும் ஜாக்கால் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பெற முடியவில்லை. பிறகு மனைவியிடம் பேசும்போதுதான் ஒட்டுக்கேட்புக் கருவியில் அவர் மாட்டிக்கொள்கிறார். அந்தக் கட்டம் வரும்வரை தோழியிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்.