புகாரை விசாரிக்க யார் பணம் கட்டுவது?

கேள்வி: அமெரிக்க மாநிலங்களில் மருத்துவர்களுக்கு உரிமம் தரும் வாரியங்கள் பெரும்பாலும் அந்தந்தத் தொழிலில் இருப்பவர்கள் கட்டும் கட்டணத்திலேயே நடக்கின்றன. வரிப்பணம் மிச்சம். நல்ல ஏற்பாடுதானே? அரசு பணம் கொடுத்தால் அரசியலும் கூடவே நுழைந்துவிடாதா?

பதில்: உரிமத்தைப் பதிவு செய்வதும் புதுப்பிப்பதும் மட்டுமே வாரியத்தின் வேலை என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தவறான சிகிச்சையால் பிள்ளையை இழந்த ஒரு தாய் புகார் கொடுத்தால், அதை விசாரிக்க வேண்டியதும் இதே வாரியம்தான். மருத்துவப் பதிவேடுகளை வாங்க வேண்டும், வேறொரு நிபுணரிடம் கருத்துக் கேட்க வேண்டும், வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டும். பணம் கரைவது இங்கேதான்.

கலிஃபோர்னியா மருத்துவ வாரியத்தைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கான உரிமக் கட்டணம் அங்கே நெடுநாள் 783 டாலராகவே நின்றது. செலவோ ஏறிக்கொண்டே போனது. 2022இல் 863 ஆக்கினார்கள், போதவில்லை. கடைசியில் வாகனப் பரிசோதனைக்கான நிதியிலிருந்து கடன் வாங்கும் நிலைக்கு வந்தது வாரியம். நோயாளிகளின் புகாரை விசாரிக்க கார்ப் புகைச் சோதனைக் காசு! 2024இல்தான் கட்டணம் 1,151 டாலரானது.

ஏன் இந்த இழுபறி? கட்டணத்தை வாரியம் தன் விருப்பப்படி உயர்த்திவிட முடியாது. சட்டமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். அங்கே மருத்துவர் சங்கம் எதிர்த்து நிற்கும். ஆக, விசாரணைக்கு உள்ளாகக்கூடியவர்களே விசாரணைக்கான பணப்பையின் வாயையும் பிடித்திருக்கிறார்கள். அரசியல் புதிதாக நுழைய என்ன இருக்கிறது? வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலானோரை நியமிப்பதே தேர்தலில் வென்று வரும் ஆளுநர்தானே.

வட கரோலினாவில் நடந்தது இன்னும் மோசம். அங்கே பல் மருத்துவ வாரியத்தின் 8 உறுப்பினர்களில் 6 பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். குறைந்த விலையில் பற்களை வெண்மையாக்கித் தந்த, பல் மருத்துவர் அல்லாத வெளியாட்களை, கடிதம் அனுப்பியே தொழிலை விட்டு விரட்டினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015இல் 6-3 என்று தீர்ப்பு: அதே சந்தையில் தொழில் செய்பவர்களின் கையில் இருக்கும் வாரியத்தை அரசு முனைப்போடு கண்காணிக்க வேண்டும், இல்லையேல் சந்தையில் போட்டியை நசுக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது. சரி, கண்காணிக்க ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவது?

உரிமம் தரும் செலவைத் தொழில் செய்பவர்களே கட்டட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. புகார் விசாரணைக்கும் கண்காணிப்புக்கும் ஆகும் செலவை மாநிலத்தின் பொது நிதி ஏற்க வேண்டும். அதை ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும்படி வைக்காமல், சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அப்புறம், நிதிநிலை நெருக்கடி வரும்போதெல்லாம் வாரியத்தின் கையிருப்பில் மாநிலம் கைவைப்பதையும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்.